சோனாப்பூரில் புரிந்த அமெரிக்கா

அமெரிக்காவுக்கு நான் போனதில்லை. போகிற உத்தேசமும் இல்லை. ஆனால் பத்தொன்பது வருஷமாக அமெரிக்கர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் படித்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

சொன்னால் நம்ப மாட்டார்கள். அங்கே தொலைபேசியில் கூப்பிட்டு, 'நாட்டின் பெரிய பிரச்சினை என்ன, உங்களுக்கு என்ன கவலை' என்று கேட்பார்கள். அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே தட்டச்சு செய்து எங்களுக்கு அனுப்புவார்கள். அம்பத்தூரில் உட்கார்ந்து நாங்கள் அதைப் படித்து, விலைவாசி என்றால் ஓர் எண், வேலையில்லை என்றால் ஓர் எண், அரசியல்வாதிகள் சரியில்லை என்றால் ஓர் எண் என்று போட வேண்டும். இதைச் செய்ய இப்போது இயந்திரமே வந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் க்ளையன்ட்டுக்கு மட்டும் இன்னும் மனுஷர் படித்தால்தான் திருப்தி. அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

அங்கே தேர்தல் வந்தால் போதும், எங்கள் சொந்தக்காரர்கள் யார் ஜெயிப்பார்கள் என்று என்னிடம் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் முட்டை விலை ஏறினால் எந்த மாநிலத்துக்காரர் எந்த வார்த்தை சொல்லித் திட்டுவார் என்பதுதான்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஒருவர் முதலில் எதைச் சொல்கிறாரோ அதற்குரிய எண் முதல் கட்டத்தில் போக வேண்டும். பிறகு 'வேறு ஏதாவது?' என்று கேட்பார்கள். அதற்கு வரும் பதில் இரண்டாம் கட்டத்துக்கு. பத்திரிகைகளில் வரும் படங்களும் அட்டவணைகளும் முதல் கட்டத்தை வைத்துத்தான். இரண்டாம் கட்டத்தை யாரும் சீண்ட மாட்டார்கள். சென்னையில் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். எனக்கு ஆபீசில் 'ரூல்ஸ் மேடம்' என்று பெயர் இருப்பதும், அதை என் முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்களுக்கு துபாயில் ஒரு கிளை இருக்கிறது. அமெரிக்க வேலைக்கு துபாயில் என்ன கடை என்று கேட்பீர்கள். எம்.டி.யின் மைத்துனருக்கு அங்கே ஓர் ஆபீஸ் காலியாக இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கிளையைப் பற்றித்தான் புகார் வந்தது. சென்னையில் எண் போட்ட பதில்களில் அமெரிக்கர்கள் விலைவாசியையும் ஆட்சியையும் நினைத்துக் கொதிக்கிறார்கள். துபாயில் எண் போட்ட பதில்களில் அதே அமெரிக்கர்கள் பல்வலி, பேசாமல் போன மகள், தனியாக இருக்கும் அம்மா என்று கவலைப்படுகிறார்கள். இது ஒரே நாடுதானா என்று க்ளையன்ட் கேட்டிருந்தார்.

எம்.டி. என்னைக் கூப்பிட்டார். போய் யார் என்று கண்டுபிடி, அறிக்கை எழுது, ஆளை அனுப்பிவிடு என்றார். வேலைநீக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொடுத்தார். பெயர் மட்டும் காலியாக இருந்தது. துபாயிலிருந்து வாராவாரம் வரும் பதில் கட்டு ஒவ்வொன்றையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது நான்தான் என்பது அவருக்கும் நினைவுக்கு வரவில்லை, எனக்கும் ஒரு பொருட்டாகப் படவில்லை. கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

போன அன்றே மானம் போயிற்று. மெட்ரோ ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் பசித்தது. பையிலிருந்து தட்டையை எடுத்து ஒரு கடி கடித்தேன். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா மெதுவாக என் முழங்கையைத் தொட்டு, "தங்கச்சி, இதுக்குள்ள சாப்பிடக் கூடாது. தண்ணியும் குடிக்கக் கூடாது. பிடிச்சா தண்டம்" என்றார். வாயில் பாதித் தட்டை இருந்தது. மெல்லுவது சாப்பிடுவதில் சேருமா என்று தெரியவில்லை. மூன்று ஸ்டேஷன் வரை கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வெளியே கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்தேன். நம் ஊர் மின்சார ரயிலில் ஒரு டிபன் பெட்டியையே காலி செய்து, குப்பையை ஜன்னல் வழியாகப் போட்டு, பழமும் வாங்கிவிடலாம். அந்த ரயில் அத்தனை சுத்தமாக இருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

இராத் தங்கிய ஓட்டலின் ஜன்னலைத் திறந்தால் எதிரே எங்கள் ஆபீஸ் போர்டு தெரிந்தது. நடந்தே போய்விடலாம் என்று மறுநாள் காலையில் இறங்கினேன். நடுவில் ஒரு சாலை. அது சாலையா ஆறா என்று தெரியாதபடி கார்கள் ஓடின. கடக்க வழியே இல்லை. இருபது நிமிஷம் வெயிலில் அங்கும் இங்கும் நடந்து, வேர்த்து விறுவிறுத்து, கடைசியில் டாக்சி பிடித்தேன். பெஷாவர்க்கார டிரைவர் என் அவஸ்தையைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார். 'அம்மா, இங்கே எதிர்வீட்டுக்குப் போகவும் வண்டி வேண்டும்' என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். எங்கோ போய், ஒரு பாலத்தில் ஏறி, இறங்கி, வளைந்து, ஆபீஸ் வாசலில் விட்டார். அங்கிருந்து பார்த்தால் என் அறை ஜன்னல். காயப்போட்ட துண்டு கூடத் தெரிந்தது.

கிளை மேனேஜர் ஷாஜி திருச்சூர்க்காரர். நல்ல மனுஷர், ஆனால் எதையும் நேராகச் சொல்ல மாட்டார். சுலைமானி டீ கொடுத்தார், சமூசா கொடுத்தார், வெயிலைப் பற்றிப் பேசினார். யார் எண் போட்டது என்ற விவரம் எல்லாப் பதிலோடும் பதிவாகியிருக்கும். எனக்கு ஆளைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. புகாருக்கு உள்ளான அத்தனை பதிலும் ஒரே ஆள் போட்டது. செல்லத்துரை.

நாற்பதைத் தாண்டியவர். முதுகுளத்தூர்ப் பக்கம். பரமக்குடியில் பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, கிடைத்த வேலை என்று குவைத்துக்குப் போயிருக்கிறார். மங்காஃபில் அறை, ஃபஹாஹீலில் ஒரு கட்டட சைட்டில் சாமான் கணக்கெடுக்கிற வேலை. பிறகு துபாய், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப், ஐந்து வருஷம் சைட்டில் டைம் கீப்பர். ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும் என்று எங்கள் கிளையில் விளம்பரம் வர, ஆறு மாசம் முன்னால் வந்து சேர்ந்திருக்கிறார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றார். உட்காரச் சொன்ன பிறகும் நுனியில்தான் உட்கார்ந்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. முதலில் சொன்னதை இரண்டாவதிலும், கடைசியில் சொன்னதை முதலிலும் ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். தெரியாமல் செய்தேன் என்பார், மன்னிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"மொதல்ல வர்றது ஊருக்குச் சொல்றது மேடம். பெறகு வர்றதுதான் வீட்டு விஷயம். எது பெருசுன்னு அவுகளே சொல்றாக."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உங்கள் வேலை எண் போடுவதா, மனசைப் படிப்பதா, அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று கேட்டேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும், வெளியே கீபோர்டுச் சத்தம் நின்றது. அவர் எதிர்த்துப் பேசவில்லை. ஆமா மேடம், விதி தெரியும் மேடம், என்றார். விதி தெரிந்தே மீறினேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? கடிதத்தில் பெயர் எழுத வேண்டியதுதான் பாக்கி.

அவர் போனதும் ஷாஜி இன்னொரு டீயோடு வந்தார். ஏசியைக் குறைத்தார், கூட்டினார். அப்புறம் சொன்னார். செல்லத்துரையின் மனைவியும் மகளும் ஊரிலிருந்து வந்து நாற்பது நாள்தான் ஆகிறதாம். குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ளும் அளவுக்குச் சம்பளம் இப்போதுதான் வந்ததாம். வேலை போனால் இவர் விசா போகும், இவர் விசாவில் நிற்கும் அவர்கள் இரண்டு பேரும் போக வேண்டும். ஷாஜி என்னிடம் இரக்கம் காட்டச் சொல்லவில்லை. டீ ஆறுகிறது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் முழுக்க ஆபீசில் உட்கார்ந்து செல்லத்துரையின் கட்டுகளைப் படித்தேன். ஆதாரம் சேர்க்கத்தான் ஆரம்பித்தேன்.

ஒஹையோக்காரர் ஒருவர். அரை பக்கத்துக்கு வாஷிங்டனைத் திட்டுகிறார். இரண்டு கட்சியும் திருட்டுக் கட்சி, நாடு நாசமாகிவிட்டது, பெட்ரோல் போட முடியவில்லை. வேறு ஏதாவது? இல்லை, அவ்வளவுதான். அப்புறம் ஒரு வரி. போன தேர்தலிலிருந்து தம்பியும் நானும் பேசுவதில்லை, மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறான். சென்னையில் இது 'அரசியல்வாதிகள்'. செல்லத்துரை 'குடும்பப் பிரிவு' என்று போட்டிருந்தார்.

டெக்சாஸில் ஒரு பெண்மணி. பொருளாதாரம் பிரமாதம், இதைவிட நன்றாக இருந்ததே இல்லை என்கிறார். வேறு ஏதாவது? ஒன்றுமில்லை. மாத்திரையை மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொள்கிறேன், இந்த மாசத்துக்கு வந்துவிடும்.

எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அது பத்தொன்பது வருஷமாக என் கண் முன்னால் நடப்பதுதான். அமெரிக்காவில் தேர்தல் முடிந்து ஆட்சி மாறினால், அதுவரை பொருளாதாரம் மோசம் என்றவர்கள் அடுத்த வாரமே நன்றாக இருக்கிறது என்பார்கள். நன்றாக இருக்கிறது என்றவர்கள் மோசம் என்பார்கள். அதே அடுப்பு, அதே வாடகை, அதே சம்பளம். மாறியது ஆட்சி மட்டும். நாங்கள் சென்னையில் இதைச் சொல்லிச் சிரிப்போம். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? என் இரண்டு மைத்துனர்களும் இரண்டு கட்சி. ஒரே குண்டு குழிச் சாலையில் ஒரே பைக்கில் போய்விட்டு வந்து, ஒருவர் சாலை சூப்பர் என்பார், இன்னொருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

அப்படியென்றால் நான் இத்தனை வருஷம் முதல் கட்டத்தில் போட்டதெல்லாம் என்ன? கட்சிக் கொடியா? இதை நினைத்ததும் மடிக்கணினியை மூடிவிட்டேன். கராமாவில் அதிராம்பட்டினத்துக்காரர் நடத்தும் ஒரு மெஸ்ஸுக்குப் போய் மட்டன் தாளிச்சாவும் நெய்ச்சோறும் சாப்பிட்டேன். தாளிச்சா அருமை. ஆனாலும் மனசு அந்த மாத்திரையிலேயே நின்றது.

மாலையில் செல்லத்துரை என் மேஜைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை சோனாப்பூர் கேம்ப்பில் பழைய ஆட்களைப் பார்க்கப் போவாராம். "வேலையிலருந்து எடுக்கிறதா இருந்தா எடுங்க மேடம். அதுக்கு முன்னாடி ஒருக்க வந்து பாருங்க. நான் இத எங்க படிச்சேன்னு தெரியும்." கெஞ்சுகிற தொனி இல்லை. அதனால்தான் சரி என்றேன்.

சோனாப்பூர் என்ற பெயரை நம் ஊர்க் கிராமங்களில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். நேரில் பார்த்தால் வரிசை வரிசையாகக் கட்டடம், ஒவ்வொரு ஜன்னலிலும் காயும் சைட் உடுப்பு, வாசலில் கம்பெனி பஸ்கள். பஸ் ஸ்டாப்பில் இறங்கிய ஒரே பெண் நான்தான். நூறு ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் உற்றுப் பார்க்கவில்லை. நம் கோயம்பேட்டில் இந்த மரியாதை எனக்குக் கிடைத்ததே இல்லை.

வாட்ச்மேனிடம் செல்லத்துரை ஏதோ உருதுவில் பேசி அனுமதி வாங்கினார். முற்றத்தில் தகரக் கூரைக்குக் கீழே நீள பெஞ்சுகள். லீவு நாள் மத்தியானம், ஊரில் சாயங்காலம் ஆகப்போகிற நேரம். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். தெலுங்கு, இந்தி, பெங்காலி, தமிழ். ஒருவர் தோள் இன்னொருவர் தோளில் இடிக்கும், ஆனால் யார் பேச்சும் யார் காதிலும் விழாத மாதிரி ஒரு பாவனை. எனக்கு ஒரு ஸ்டூலும் ஒரு பெப்சியும் வந்தன.

என் பக்கத்தில் அரியலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், பெயர் கருப்பையா. செல்லத்துரையுடன் ஒரே அறையில் இருந்தவர். வீட்டில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்கக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் காதை எங்கே வைப்பது? நல்லா இருக்கேன் என்றார். சாப்பாடு நல்லா இருக்கு என்றார். அரசாங்கத்தைத் திட்டினார், உர விலையைத் திட்டினார், ஊராட்சித் தலைவரைப் பெயர் சொல்லித் திட்டினார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"சரி, வச்சிடட்டுமா?" என்றார்.

வைக்கவில்லை. பிறகு, "ஒண்ணுமில்ல, வலது கண்ணு கொஞ்சம் மங்கலா தெரியுது. சாரத்துல ஏறயில ஒரு மாதிரி இருக்கு. நீ ஒண்ணும் நெனைக்காத" என்றார்.

செல்லத்துரை என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மற்ற பெஞ்சுகளைப் பார்த்தேன். புரியாத பாஷைகளிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. சத்தமாகப் பேசுவார்கள், கை வீசுவார்கள், முடிக்கிற மாதிரி எழுந்து நிற்பார்கள். பிறகு திரும்ப உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி ஏதோ இரண்டு வார்த்தை. அதன் பிறகுதான் நிஜமாகவே வைப்பார்கள். என் வீட்டிலும் அப்படித்தானே? என் மகள் பெங்களூரிலிருந்து பேசினால், வைக்கப்போகும்போது சொல்வதற்காகத்தான் போனையே எடுத்திருப்பாள்.

செல்லத்துரை ஒன்பது வருஷம் இந்தப் பெஞ்சுகளிலும் மங்காஃபில் இதே மாதிரி இன்னொரு வராந்தாவிலும் உட்கார்ந்திருக்கிறார். போனில் டாப்-அப் போடத் தெரிந்தவர், விண்ணப்ப ஃபாரம் எழுதத் தெரிந்தவர் என்று எல்லோரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசுவார்களாம். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவைப் படித்திருக்கிறார். ஒஹையோக்காரர் வாஷிங்டனைத் திட்டியபோது, அவர் இன்னும் விஷயத்துக்கு வரவில்லை என்று பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார்.

அது சரியா? சரியில்லை. ஊருக்குச் சொல்வதும் ஒரு பேச்சுதான், அதற்கும் மதிப்பு உண்டு. உர விலையைத் திட்டிய கருப்பையாவின் கோபமும் பொய்யில்லை. முதலில் எது வந்தது என்றுதான் க்ளையன்ட் கேட்கிறார், அதைத்தான் கொடுக்க வேண்டும். இதைச் செல்லத்துரையிடம் அங்கேயே சொன்னேன். இந்தத் தடவை கத்தவில்லை. அவர் கேட்டுக்கொண்டார். சாப்பிடப் போகலாம் மேடம், வீட்டில் காத்திருப்பாக, என்றார்.

கேம்ப்பிலிருந்து இரண்டு ஸ்டாப் தள்ளி ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. ஒரு ஃபிளாட்டை மூன்று குடும்பம் பங்கு போட்டிருந்தது. செல்லத்துரைக்கு ஓர் அறை. கட்டில், மேலே அடுக்கிய சூட்கேஸ்கள், சுவரில் மகள் வரைந்த படம். மனைவி முத்துலட்சுமி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். பக்கத்து அறைக்காரர்கள் வடக்கத்திக்காரர்கள், வாசனை பிடிக்காது என்பதால் அவர்கள் வெளியே போகிற நாளாகப் பார்த்து வைப்பாராம். கதவிடுக்கில் துணி செருகியிருந்தது. பொது அடுப்பில் இரண்டே பாத்திரத்தில் செய்த சமையல், எனக்கு நான் பிறந்த விருதுநகர் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மகளுக்கு ஏழு வயது. அப்பா வீட்டிலேயே இருப்பது அவளுக்கு இன்னும் பழக்கமாகவில்லை. அவரிடம் எதையும் நேரே கேட்க மாட்டாள். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு என்பாள். அம்மா கேட்பார். அப்பா அம்மாவிடம் வேண்டும் என்பார். அவள் போய் எடுத்து வந்து அம்மாவிடம் கொடுப்பாள். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தபால் போக்குவரத்து நடந்தது. செல்லத்துரை அதைக் குறையாக நினைத்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரைக் குடித்தார். சாப்பாட்டின் கடைசியில் அவள் நேராக அவர் தட்டில் ஓர் அப்பளத்தை வைத்துவிட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஓடிவிட்டாள். அவர் அந்த அப்பளத்தை உடனே சாப்பிடவில்லை.

முத்துலட்சுமி என்னிடம் நன்றாகப் பேசினார். ஊர் பிடித்திருக்கிறது, பஸ் எல்லாம் குளுகுளு என்று இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள், குறை ஒன்றுமில்லை. பெரிய மேடம் ஆபீசைப் பார்க்க வந்திருக்கிறார் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார் கணவர். என் கைப்பை அவர் கட்டிலின் மேல்தான் இருந்தது. உள்ளே அந்தக் கடிதம்.

கிளம்பினேன். குங்குமம் கொடுத்தார். செல்லத்துரை டாக்சி பிடிக்க முன்னால் இறங்கிப் போய்விட்டார். முத்துலட்சுமி லிப்ட் வரைக்கும் வந்தார். பார்த்துப் போயிட்டு வாங்கக்கா என்றார். லிப்ட் வந்தது, நான் உள்ளே போனேன். அவர் கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இவுகளுக்கு வேலையில ஒண்ணும் இல்லையே? ரெண்டு நாளா தூங்கவே இல்ல. கேட்டா ஒண்ணுமில்லைங்கிறாக. பிள்ள இப்பத்தான் அவுக பக்கத்துல வந்து உக்காருது."

ஒன்றுமில்லை, பார்த்துக்கலாம் என்பது மாதிரி ஏதோ சொன்னேன். கதவு மூடியது. மூன்று மாடி இறங்குவதற்குள் என் கையெழுத்துகள் எல்லாம் என் கண் முன்னால் வந்துவிட்டன. ஆறு மாசம், வாரம் ஒரு கட்டு. விதிப்படி ஒவ்வொரு கட்டிலும் பத்துப் பதில்களை முழுக்கப் படித்து, எண்களோடு ஒத்துப்பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். நான் எண்கள் இருக்கின்றனவா, காலிக் கட்டம் ஏதும் இல்லையா என்று மட்டும் பார்த்தேன். பதில்களைப் படிக்கவே இல்லை. ஒரே ஒரு கட்டைப் படித்திருந்தால் முதல் வாரமே கூப்பிட்டுத் திருத்தியிருப்பேன். இந்த மனுஷர் நாற்பது நாள் முன்னால் டிக்கெட் அனுப்பிக் குடும்பத்தைக் கூப்பிட்ட பிறகு விஷயம் இப்படி வெடித்திருக்காது.

திங்கள்கிழமை காலையில் எம்.டி.யோடு போனில் பேசினேன். ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன், விளக்கிச் சொல்லிவிட்டேன், எல்லாக் கட்டையும் திருத்திவிடலாம், அவரை வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. க்ளையன்ட்டுக்கு ஒரு பெயர் சொல்லியாக வேண்டும், யாரோ ஒருத்தர் போனால்தான் நம்புவார்கள் என்றார். அதுவும் நியாயம்தான், அவர் கடை அவருக்கு.

"அப்ப என் பேரச் சொல்லுங்க சார்," என்றேன். "ஒவ்வொரு வாரமும் சரின்னு கையெழுத்துப் போட்டது நான்தான். ஒரு பதிலக்கூட நான் படிக்கல."

பத்தொன்பது வருஷத்தில் நான் படிக்கவில்லை என்று சொல்லி அவர் கேட்டதில்லை. பிறகு கோபமாகத்தான் பேசினார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. முடிவு இதுதான். அந்த ஆள் இருக்கட்டும். இரண்டு வாரத்தில் ஆறு மாச வேலையும் திருத்தி வர வேண்டும், நான் அங்கேயே இருந்து முடித்துவிட்டு வர வேண்டும். சரிபார்க்கிற வேலையும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையும் இனி எனக்கில்லை. சென்னைக்குத் திரும்பினால் மற்றவர்களோடு உட்கார்ந்து எண் போட வேண்டும். அவமானமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன். கடிதத்தைக் கிழித்து அங்கேயே போட்டேன்.

ஷாஜி செல்லத்துரையிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது. செல்லத்துரை என்னிடம் நன்றி எதுவும் சொல்லவில்லை. தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேருமாக முதல் வாரக் கட்டிலிருந்து ஆரம்பித்தோம். அவர் பதிலைத் திறப்பார், முதலில் சொன்னதை முதலுக்கும் கடைசியில் சொன்னதை இரண்டாவதுக்கும் மாற்றுவார், நான் ஒத்துப்பார்ப்பேன். ஒஹையோ மறுபடி 'அரசியல்வாதிகள்' ஆயிற்று. டெக்சாஸ் பெண்மணி மறுபடி 'பொருளாதாரம் நன்று' ஆனார்.

அவர் கை மெதுவாகத்தான் போயிற்று. ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துவிட்டுத்தான் மாற்றினார். இந்த வேகத்தில் போனால் இரண்டு வாரம் போதாது என்று நானும் இரண்டு தடவை சொன்னேன். மத்தியானம் ஒரு பதிலில் அவர் நின்றுவிட்டார். மிஷிகன், வயசானவர். வேலைவாய்ப்பைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டு, கடைசியில், 'நீங்கள் கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று, இந்த வாரம் யாரும் பேசவில்லை' என்றிருந்தார்.

"இது ரெண்டாவது கட்டத்துக்குப் போனா யார் பாப்பாக மேடம்?"

யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

அவர் தலையை ஆட்டினார். எண்ணை மாற்றினார். "நாம பாத்தோம்ல" என்றார், எனக்குச் சொன்ன மாதிரியும் இல்லை.

நான் அடுத்த பதிலைத் திறந்தேன். நீளமான பதில். கடைசி வரி வரைக்கும் படித்தேன்.